பழைய ரோடு சைக்கிள்: நிறத்தை முதலில் முடிவு செய்வதா, பாகங்களையா?

மெதுமிதி

வணக்கம். மாமா ஓட்டிய பழைய எஃகு ரோடு சைக்கிள் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. குழாய்களை லக் (மூட்டில் மாட்டும் உலோக உறை) வைத்து இணைத்த பிரேம், பின்னால் 6 பல்சக்கரங்கள், முன்னால் 52, 42 பற்களில் இரண்டு, குரோம் பூசிய எஃகு ரிம், 27 அங்குலச் சக்கரம். பல வருடம் பரணில் கிடந்ததால் கேபிளெல்லாம் இறுகிப்போயிருக்கிறது, பிரேக் ரப்பர் கல் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பிரேமில் பெரிய துரு எதுவும் கண்ணில் படவில்லை. நிறம் சிவப்பு. கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை. பெயிண்ட் கொஞ்சம் தடியாக, சில இடங்களில் வழிந்து நிற்கிறது.

என் திட்டம் இதுதான்: பெயிண்ட் முழுவதையும் உரித்துவிட்டு வெளிர் நீலத்தில் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூளையில் சுடும் பூச்சு), கறுப்பு ரிம், கறுப்பு ஹேண்டில்பார், பழுப்புத் தோல் சீட், ஹேண்டில்பாரில் சுற்ற அதே பழுப்பில் டேப். காகிதத்தில் வரைந்து பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்று உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நிறத்தை இப்படி முடிவு செய்தால் சரியா?

எஃகுச்சட்டம்

தம்பி, உரிப்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே ஒரு தடயம் இருக்கிறது. பெயிண்ட் வழிந்து நிற்கிறது என்கிறீர்கள். தொழிற்சாலையில் லக் வைத்துச் செய்த நல்ல ரோடு பிரேமில் பெயிண்ட் அப்படி நிற்காது, லக்கின் ஓரம் நகம் பட்டால் தட்டுகிற அளவுக்குக் கூர்மையாகத் தெரியும். உங்களுடையதில் யாரோ பிற்பாடு மேலே அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க உரிக்கவே வேண்டாம். சீட் போஸ்டைக் கழற்றி குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல்கள் சுற்றும் அச்சு இருக்கும் கூடு) அடியில் கேபிள் ஓடுகிற பிளாஸ்டிக் துண்டு இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். கியர் லீவரைப் பிடித்திருக்கிற வளையத்தின் அடி, ஹெட் டியூபில் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்) கம்பெனிப் பட்டயம் ஒட்டியிருந்தால் அதன் அடி, பின் பிரேக் பாலத்தின் உட்பக்கம், இங்கெல்லாம் வெயில் படாது, மேல் பூச்சும் சரியாகப் போயிருக்காது. முதல் நிறம் மங்காமல் இருக்கிற இடங்கள் இவைதான்.

அப்புறம் பின் டீரெய்லரின் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) உட்பக்கத்தில் எழுத்து ஏதாவது பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் ஷிமானோ கம்பெனி என்றால் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து வருடம், ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே போகும். இரண்டாவது மாதம், ஏ முதல் எல் வரை. இத்தாலியக் கம்பெனி காம்பனோலோவின் நுவோவோ ரெக்கார்ட் டீரெய்லர் என்றால் 'பேட்டன்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். பாகத்தின் வருடம்தான் வண்டியின் வருடம் என்று சொல்லிவிட முடியாது, மாற்றியிருக்கலாம். ஆனால் டீரெய்லர், கிராங்க் (பெடல் மாட்டும் கை), ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மூன்றும் ஒரே வருடத்தைக் காட்டினால் பெரும்பாலும் அதுதான் வண்டி பிறந்த வருடம்.

தூரிகை

நான் பெயிண்ட் வேலை செய்கிறவன், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் பேசுகிறேன். பவுடர் கோட்டிங் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தினம் ஓட்டுகிற வண்டிக்கு அது உறுதியான பூச்சு. சூளையில் 180 முதல் 200 டிகிரி வரை வைப்பார்கள், அந்தச் சூடு எஃகுக்கோ குழாய்களை ஒட்டிய பிரேசிங்குக்கோ ஒன்றும் செய்யாது. பித்தளையும் வெள்ளி கலந்த பற்றும் உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். பிரச்சினை பூச்சின் தடிமன்தான். திரவ பெயிண்டை விடப் பவுடர் தடியாக உட்காரும். லக்கின் ஓரத்தை ஒருவர் மணிக்கணக்கில் அரம் வைத்து மெலிதாக்கியிருப்பார், அது உருண்டு போய்விடும். லக் இல்லாமல் பற்றவைத்த பிரேம் என்றால் நான் யோசிக்காமல் பவுடர் என்று சொல்லியிருப்பேன். லக் வைத்ததற்குத் திரவ பெயிண்ட்தான் என் தேர்வு.

நீங்களே வீட்டில் ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் ஒன்று. இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் கடின கிளியர் கோட்டில் (நிறமற்ற மேல்பூச்சு) ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலைப் பிடித்தால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும், சாதாரண முகமூடி அதற்குப் போதவே போதாது. அந்த ஒரு கோட்டை மட்டும் முறையான அறையும் காற்றுக்குழாய் முகமூடியும் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் உப்புத்தாள் போடும்போது தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், தூசி பறக்கக் கூடாது.

மணல் பீய்ச்சி உரிப்பதானால் எந்தக் குழாய் என்று தெரிந்த பிறகுதான். கொலம்பஸ் எஸ்எல் என்ற பந்தய ரகக் குழாயின் நடுப்பகுதி 0.6 மிமீ தடிமன்தான். கட்டிடக் கம்பிக்கு அடிக்கிற மணலையும் அழுத்தத்தையும் அதன்மேல் காட்டினால் உலோகமே தேய்ந்துவிடும். நுண்மணி, குறைந்த அழுத்தம், சைக்கிள் பிரேம் பழகிய கை, மூன்றும் வேண்டும்.

மேட்டுப்பாதை

எல்லோரும் பெயிண்டிலேயே நிற்கிறீர்கள். வண்டி நேராக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே? வளைந்த பிரேமுக்கு எந்த நிறம் அடித்து என்ன?

முன்னால் எங்காவது மோதியிருந்தால் டவுன் டியூபின் (சாய்ந்து இறங்கும் கீழ்க்குழாய்) அடியில், ஹெட் டியூபுக்கு ஒன்றிரண்டு அங்குலம் பின்னால், விரலை ஓட்டினால் ஒரு மெல்லிய அலை மாதிரித் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம், விரல்தான் சொல்லும். பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் குறுக்காக விரிந்திருந்தால் அதுவும் அடையாளம். அடுத்தது நூல் சோதனை. பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் காடி) ஒன்றில் நூலைக் கட்டி ஹெட் டியூபைச் சுற்றி வந்து மற்ற டிராப்அவுட்டில் இறுக்கிக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் எஃகில் சரிசெய்துவிடலாம், ஆனால் அதைப் பெயிண்டுக்கு முன்னால்தான் செய்ய வேண்டும்.

27 அங்குலச் சக்கரத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஆனால் முதலில் இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மெதுமிதி

எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். எஃகுச்சட்டம் அண்ணா சொன்னதுதான் உண்மை. பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டைக் கழற்றியதும் கரும்பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளிருந்து மினுங்குகிறது. லீவர் வளையத்தின் அடியிலும் அதேதான். ஹெட் டியூபில் சிவப்பை நகத்தால் கீறினேன், அங்கே மட்டும் அடியில் தந்த நிறம் மாதிரி வெள்ளை. டீரெய்லர் ஷிமானோ, எழுத்து 'ஹெச்கே'. கிராங்கின் உட்பக்கத்தில் 'ஹெச்ஐ'. அப்படியென்றால் 1983 நவம்பர், 1983 செப்டம்பர். சரிதானே?

நூல் சோதனையில் ஒரு பக்கம் 1 மிமீ அதிகம். டவுன் டியூபின் அடி வழவழப்பாக இருக்கிறது, அலை எதுவும் இல்லை.

இன்னொன்று. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் நுனியில் சிவப்பு தானாகவே உரிந்து வந்தது, அடியில் குரோம். மாமா ஏன் இதையெல்லாம் மூடினார் என்று எனக்குப் புரியவேயில்லை.

எஃகுச்சட்டம்

வருடக் கணக்கு சரி. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பாகம், அதனால் 1983 கடைசியிலோ 1984 தொடக்கத்திலோ கட்டிய வண்டி. அந்தக் காலகட்டத்தை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கிளிக் கிளிக்கென்று தானே விழுகிற எஸ்ஐஎஸ் கியரை ஷிமானோ தன் உயர்ரகப் பந்தயத் தொகுப்பான டூரா ஏஸில் கொண்டுவந்தது 1984-இல். சன்டூர் கம்பெனி 1964-இல் கண்டுபிடித்த சாய்ந்த இணைகர டீரெய்லரின் காப்புரிமை முடிந்ததும் அதே சமயத்தில்தான், அதற்குப் பிறகு எல்லோரும் அந்த வடிவத்துக்கு வந்துவிட்டார்கள். உங்கள் வண்டி அந்த மாற்றத்துக்குச் சற்று முந்தியது. லீவரைக் கையால் தேடித்தேடிக் கியர் போட வேண்டிய கடைசித் தலைமுறை.

கரும்பச்சை உடல், தந்த நிற ஹெட் டியூப், குரோம் ஃபோர்க் நுனி. தம்பி, இதைவிட நல்ல நிறத் தேர்வை நாம் யாரும் உட்கார்ந்து யோசித்தாலும் சொல்லியிருக்க முடியாது. ஹெட் டியூபை மட்டும் வேறு நிறமாக்குவது அந்தக் காலத்து வழக்கம், அங்கேதான் பட்டயம் இருக்கும், எதிரே வருகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். ஃபோர்க் நுனியிலும் டிராப்அவுட்டிலும் குரோம் வைத்தது அழகுக்காக மட்டுமில்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது நட்டும் குவிக் ரிலீஸும் கடிக்கிற இடம் அது, பெயிண்ட் அங்கே நிற்காது. வலது செயின்ஸ்டேயின் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) மேலும் தேய்த்துப் பாருங்கள், செயின் வந்து அடிக்கிற இடம் என்பதால் அங்கேயும் குரோம் இருக்கலாம்.

மேல் சிவப்பை மட்டும் எடுங்கள். பச்சையை உரிக்காதீர்கள்.

பல்சக்கரம்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இது மெதுமிதியின் வண்டி, அருங்காட்சியகத்தில் வைக்கப் போவதில்லை. வெளிர் நீலம்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்றால் அது குற்றம் இல்லை. பெரிய பெயர் கொண்ட பிரேம் என்றால், அல்லது பந்தயக் குழு நிறத்தில் வந்தது என்றால், நானும் தொடாதே என்பேன். பியாங்கி கம்பெனியின் செலஸ்தே என்ற வெளிர் நீலப்பச்சையையோ, பந்தய வீரர் மெர்க்ஸ் ஓட்டிய மொல்தேனி குழுவின் ஆரஞ்சையோ ஒருவர் உரிக்கப் போகிறார் என்றால் தடுப்பேன். இது பெயர் தெரியாத பிரேம்.

அவருக்கு ஏதோ உறுத்துகிறது என்றாரே, அது எனக்குப் புரிகிறது, அது வெளிர் நீலத்தால் வந்த உறுத்தல் இல்லை. கறுப்பு ரிம்மாலும் கறுப்பு ஹேண்டில்பாராலும் வந்தது. பழைய எஃகு பிரேமின் குழாய் விரலைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். அதன் பக்கத்தில் கறுப்பு ரிம் வந்தால் கண் வளையத்தைத்தான் பார்க்கும், பிரேம் நடுவில் நூல் மாதிரிக் காணாமல் போய்விடும். வெள்ளி நிற ரிம்மும், ஹேண்டில்பாரைப் பிடிக்கிற வெள்ளி நிற ஸ்டெம்மும் கண்ணுக்கு நடுநிலை, எந்த நிறத்தோடும் சண்டை போடாது. என் கணக்கு எப்போதும் இதுதான்: பிரேமுக்கு ஒரு நிறம், அதற்குத் துணையாக இன்னொன்று, மீதி எல்லாம் உலோகத்தின் நிறம். டயரின் பக்கவாட்டில் தேன் நிற ரப்பர் வந்தால் அதையும் ஒரு நிறமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். தேன் நிற டயர், பழுப்பு சீட், பழுப்பு டேப், பழுப்பு பை என்று போனால் அது நான்கு வெவ்வேறு பழுப்பாகத்தான் நிற்கும், ஏனென்றால் ரப்பர், தோல், பருத்தி மூன்றும் ஒரே நிறத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் ஒரே வேகத்தில் வெளுக்காது.

தூரிகை

பல்சக்கரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிறத்தைத் தட்டையான அட்டையில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. குழாய் வளைவானது. அதன் மேல் முதுகில் வெளிச்சம் விழுந்து வெளிறியும், அடிவயிற்றில் இருட்டாகவும், ஒரே நேரத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். அட்டையில் கரும்பச்சையாகத் தெரிந்தது மெலிந்த குழாயில் பத்தடி தள்ளி நின்றால் கறுப்பாகத் தெரியும். அதனால்தான் அடர்ந்த நிறங்களுக்கு உலோகப் பொடியோ, வெள்ளி அடிப்பூச்சோ கொடுப்பார்கள். மெதுமிதி உள்ளிருந்து மினுங்குகிறது என்றாரே, அது பெரும்பாலும் அந்த முறைதான்: அடியில் வெள்ளி, மேலே ஒளி ஊடுருவுகிற நிற லாக்கர். அப்படிப்பட்ட பூச்சு மங்கினால் மேலே தொட்டுச் சேர்ப்பது கடினம், ஏனென்றால் எத்தனை கோட் அடித்தோம் என்பதைப் பொறுத்து நிறமே மாறும். புதிதாக அடிப்பவரும் எல்லாக் குழாயிலும் ஒரே எண்ணிக்கையில் கோட் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குழாய் மற்றதைவிடக் கறுத்துவிடும்.

புதிதாக அடிப்பதானால் பழைய குழாய்த் துண்டில் மாதிரி அடித்து, சீட்டையும் டேப்பையும் டயரையும் பக்கத்தில் வைத்து, வெயிலில் ஒரு முறை நிழலில் ஒரு முறை பாருங்கள். எழுத்து ஸ்டிக்கர் என்ன நிறத்தில் கிடைக்கிறது என்பதை பெயிண்டுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். தந்த நிறத்தின்மேல் தங்க எழுத்து இருப்பதே தெரியாமல் போய்விடும்.

மேல் சிவப்பைப் பொறுத்தவரை, அது தூரிகையால் அடித்த சாதாரண எனாமல் மாதிரித் தெரிகிறது. தொழிற்சாலை பெயிண்ட் சூளையில் சுட்டது, அதைவிடக் கடினம். இந்த வித்தியாசம்தான் உங்களுக்குச் சாதகம். பாட்டம் பிராக்கெட்டின் அடியில், யார் கண்ணும் படாத இடத்தில், முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகினால் பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுங்கள். இளகாவிட்டால் அடுத்த நிலைக்கு டர்பன்டைன். தின்னரும் பெயிண்ட் ரிமூவரும் கூடவே கூடாது, அது பச்சையையும் சேர்த்துத் தூக்கிவிடும். உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு மாலை போகும். அவசரப்பட்டால் மொத்தமும் போச்சு.

மெதுமிதி

ஆல்கஹாலிலேயே இளகுகிறது! ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி ரொம்ப மெதுவாகத்தான் வருகிறது. நான்கு மாலை வேலை செய்து டவுன் டியூபில் பாதி முடித்திருக்கிறேன். எழுத்தின் நிழல் ஒன்று தெரிகிறது, ஸ்டிக்கர் போய்விட்டது, ஆனால் அது இருந்த இடத்தில் மட்டும் பச்சை வெளுக்காமல் எழுத்து வடிவத்திலேயே நிற்கிறது. இதைப் பார்த்த பிறகு உரித்துவிட்டு நீலம் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. சரி, பச்சையே இருக்கட்டும்.

நான் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பாகங்களைப் பற்றிச் சொல்லுங்கள். மேட்டுப்பாதை, 27 அங்குலம் பற்றி என்ன சொல்ல வந்தீர்கள்?

மேட்டுப்பாதை

எஃகு ரிம்மை மாற்றுங்கள், இதில் அழகு பற்றிய பேச்சே வேண்டாம். குரோம் ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடித்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அலுமினிய ரிம் அப்படியில்லை.

மாற்றப் போகிறோம் என்றால் 700சி என்ற இன்றைய ரோடு சக்கர அளவுக்குப் போகலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மிமீ, 700சியில் 622. வித்தியாசம் 8 மிமீ, ஆரத்தில் 4. அதாவது பிரேக் கட்டை 4 மிமீ கீழே இறங்க வேண்டும். பிரேக்கின் மையப் போல்ட்டிலிருந்து இப்போதைய ரிம்மில் கட்டை படும் பட்டையின் நடு வரை அளந்து, அதோடு 4 கூட்டுங்கள். உங்கள் பிரேக்கின் காடியில் கட்டையை அவ்வளவு இறக்க முடிந்தால் வேறெதுவும் மாற்ற வேண்டாம். முடியாவிட்டால் 47-57 மிமீ எட்டக்கூடிய பிரேக் கிடைக்கிறது. ஆனால் புதிய பிரேக்கின் நட்டு ஃபோர்க்குக்குள் புதைகிற வகை, அதற்குப் பின்பக்கத் துளையை மட்டும் 8 மிமீக்குப் பெரிதாக்க வேண்டியிருக்கும். மூல பெயிண்டைக் காப்பாற்ற இவ்வளவு கஷ்டப்படுகிறவர் துளை போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள், பழைய வகைப் போல்ட்டோடும் பிரேக் கிடைக்கும்.

700சிக்குப் போவதில் பெரிய லாபம், டயர் வகை நிறைய, அதோடு சக்கரம் சிறியதாவதால் 4 மிமீ இடம் கூடுதலாகக் கிடைக்கும், 28 மிமீ டயர் தாராளமாகப் போகும், சில பிரேமில் 32கூடப் போகும்.

பின் டிராப்அவுட் இடைவெளியை அளந்தீர்களா? 5 பல்சக்கர வண்டியில் 120 மிமீ, 6, 7 என்றால் 126, 8ம் அதற்கு மேலும் 130. உங்களுடையது 126ஆக இருக்கும். 130 ஹப்பைக் கையால் விரித்து மாட்டலாம், பக்கத்துக்கு 2 மிமீதான். நிரந்தரமாக விரித்து வைக்க வேண்டும் என்றால் எஃகில் மட்டும்தான் செய்யலாம், அதிலும் இரண்டு பக்கமும் சமமாக விரிகிறதா என்று அதே நூலால் பார்க்க வேண்டும், அப்புறம் டிராப்அவுட்களை ஒன்றுக்கொன்று இணையாக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 126லேயே வைத்து 7 பல்சக்கர ஃப்ரீவீல் (பின்பல் தொகுதி) போடுவேன். கிளிக் இல்லாத உரசல் லீவருக்கு எத்தனை பல்சக்கரம் என்பதெல்லாம் கணக்கே இல்லை, அது எதையும் இழுக்கும்.

பல்சக்கரம்

கியர் விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 42 முன், 24 பின் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் 1.75 சுற்று. மேட்டில் முழங்கால் அழும். பின்னால் 28 போட்டால் 1.5. முன்னால் 34க்கு இறங்கினால் 34க்கு 28, 1.21. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஆனால் முன்பல் எவ்வளவு சின்னதாகப் போகலாம் என்பதைக் கிராங்கின் போல்ட் வட்டம்தான் (முன்பல்சக்கரத்தைப் பூட்டும் போல்ட்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) தீர்மானிக்கும். 144 மிமீ வட்டத்தில் 41க்குக் கீழே பல் உட்காராது, 130இல் 38, 110இல் 34 வரை எளிதாகக் கிடைக்கும். உங்கள் கிராங்கை அளந்து சொல்லுங்கள். கிராங்கை மாற்றினால் அதன் அச்சின் நீளமும் மாறும் என்பதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் செயின் கோடு தள்ளிப்போகும்.

பழைய அலுமினியக் கிராங்கை மறுபடி போடுவதானால் நன்றாகத் துடைத்து, கையும், பல்சக்கரத்தைத் தாங்கும் நட்சத்திர வடிவமும் சேர்கிற மூலையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெடல் மரையைச் சுற்றியும் பாருங்கள். ஸ்டெம், ஹேண்டில்பார் இரண்டும் எனக்கு எப்போதும் பயம். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத 40 வருட ஹேண்டில்பாரை நான் நம்ப மாட்டேன். புதிது வாங்கினால் நடுப்பகுதியின் விட்டத்தைப் பாருங்கள், 25.4, 26.0, பழைய சினெல்லியில் 26.4 என்று மூன்று நான்கு வகை உண்டு. 26.4 ஸ்டெம்மில் 26.0 பாரை இறுக்கினால் இறுகின மாதிரித்தான் இருக்கும், பள்ளத்தில் விழும்போது சுழலும்.

எஃகுச்சட்டம்

அளவு என்று பேச்சு வந்ததால் பாட்டம் பிராக்கெட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல பிரேம்கள் பாழாகின்றன. ஆங்கிலேய மரை என்றால் வலப்பக்கக் கிண்ணம் இடமரை, கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். இத்தாலிய மரையும் பிரெஞ்சு மரையும் இரண்டு பக்கமும் வலமரை. கூட்டின் அகலம் 70 மிமீ என்றால் இத்தாலியதாகத்தான் இருக்கும், 68 என்றால் மற்ற இரண்டில் ஒன்று. கிண்ணத்தின் முகத்தில் பெரும்பாலும் பொறித்திருக்கும், முதலில் அழுக்கைத் துடைத்து அதைப் படியுங்கள். ஜப்பானியப் பாகங்கள் வைத்த 1983 வண்டி என்பதால் ஆங்கிலேய மரையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் படித்துப் பார்த்த பிறகுதான் ஸ்பானரை வைக்க வேண்டும்.

சீட் போஸ்டைக் கழற்றியபோது அதன் அடியில் அளவு பார்த்தீர்களா? 27.2 என்றால் குழாய் மெல்லியது, நல்ல ரகம் என்று நம்பலாம். 26.4, 26.2 என்றால் தடித்த குழாய். அதனால் வண்டி மட்டம் என்று அர்த்தமில்லை, கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

மெதுமிதி

சீட் போஸ்ட் 27.2! பாட்டம் பிராக்கெட் கிண்ணத்தில் 1.37 பெருக்கல் 24 என்று இருக்கிறது, ஆங்கிலேய மரைதான். கிராங்கின் போல்ட் வட்டம் 130. பின் இடைவெளி 126. பிரேக் கட்டையில் இன்னும் 5 மிமீ இறங்க இடம் இருக்கிறது, அதனால் பழைய பிரேக்கே போதும், கட்டை மட்டும் புதிது.

மூன்று வாரமாயிற்று, சிவப்பு முழுவதும் போய்விட்டது. மேல்குழாயான டாப் டியூபில்தான் கொஞ்சம் வேதனை. அங்கே ஒரு சாண் நீளத்துக்குப் பச்சையே இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அதன்மேல் சிவப்பை அடித்திருக்கிறார்கள். மெல்லிய துருவும் இருக்கிறது. இப்போதுதான் மாமாவின் காரணம் புரிகிறது. அந்த ஒரு இடத்தை மறைக்கத்தான் முழு வண்டிக்கும் அடித்திருக்கிறார். அந்தச் சாணை மட்டும் எப்படிச் சரிசெய்வது?

தூரிகை

துருவை மட்டும் முதலில் கவனியுங்கள். ஆக்ஸாலிக் அமிலம் நீரில் கரைத்த துணியை அந்த இடத்தில் மட்டும் சுற்றி வைக்கலாம். கையுறை கட்டாயம், அது விஷம். அலுமினியப் பாகங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது, மங்கிவிடும். துரு போனதும் கழுவி, சமையல் சோடா கரைசலால் துடைத்து, மறுபடி கழுவி, உடனே உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு வந்துவிடும்.

அப்புறம் பிரைமர், வெள்ளி, அதன்மேல் பச்சை லாக்கர். நான் முன்பே சொன்ன மாதிரி நிறம் அச்சாக ஒட்டாது, அதற்குத் தயாராக இருங்கள். என் யோசனை வேறு. அந்தச் சாண் அளவை ஒட்டுப்போட்டு மறைக்க முயல வேண்டாம். டாப் டியூபின் நடுவில் தந்த நிறத்தில் ஒரு பட்டை, இரண்டு ஓரத்திலும் மெல்லிய கோடு. ஹெட் டியூபில் ஏற்கெனவே தந்த நிறம் இருக்கிறது, அதனால் புதிதாக ஒரு நிறம் வண்டிக்குள் வரவில்லை. பழைய வண்டிகளில் சீட் டியூபில் பட்டை போடுவது சாதாரணம், டாப் டியூபில் கொஞ்சம் அபூர்வம்தான், ஆனால் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். கோட்டை நீளமான மயிர்த் தூரிகையால் எனாமலில் இழுங்கள், ஒட்டுநாடாவின் ஓரத்தில் பெயிண்ட் கசியும்.

எஃகுச்சட்டம்

தூரிகையின் யோசனை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அசலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோமே என்று இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். நிறம் ஒட்டாத ஒரு பச்சைத் திட்டு ஒவ்வொரு முறை வண்டியில் ஏறும்போதும் கண்ணை இழுக்கும். பட்டை அப்படி இழுக்காது. நானும் சம்மதம். ஆனால் தந்த நிறத்தை ஹெட் டியூபின் இப்போதைய நிறத்தோடு ஒப்பிட்டுக் கலக்குங்கள், அது 40 வருடத்தில் மஞ்சளாகியிருக்கும், புதுத் தந்த நிறம் பக்கத்தில் வெள்ளையாகத் தெரியும்.

குழாயின் உட்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, வடியவிட்டுக் காயவையுங்கள். எல்லாம் கழற்றியிருக்கும்போது செய்யாவிட்டால் பிறகு செய்யவே மாட்டீர்கள். துடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுத் தூக்கிப்போடுங்கள்.

மெதுமிதி

பட்டை போட்டாயிற்று. நிறத்தைக் கலக்க ஆறு முறை முயன்றேன், கடைசியில் வெள்ளையில் காவியும் ஒரு துளி கறுப்பும் சேர்த்ததும்தான் ஹெட் டியூபோடு ஒத்துப்போனது. கோடு ஒரு இடத்தில் லேசாக நடுங்கியிருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளி நிற 700சி ரிம், 32 ஸ்போக், தேன் நிறப் பக்கவாட்டு 28 மிமீ டயர், 7 பல்சக்கர ஃப்ரீவீல் 14 முதல் 28 பல் வரை, முன்னால் 48, 38. 130 வட்டத்தில் 38 வரைதான் போகும் என்று பல்சக்கரம் சொன்னதால் கிராங்கை மாற்றாமலே அங்கே நின்றுவிட்டேன், 1.36 எனக்குப் போதும். ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் புதிது, வெள்ளி. கறுப்பு எதுவுமே இல்லை, கேபிள் உறை மட்டும் சாம்பல் நிறம்.

மிச்சம் இருப்பது டேப்பும் சீட்டும். தோல் சீட் கரும்பழுப்பு வாங்கிவிட்டேன். டேப் பருத்தித் துணி, அதன்மேல் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூச நினைக்கிறேன். என்ன நிறத்தில் வாங்கட்டும்?

பல்சக்கரம்

ஷெல்லாக் பூசினால் துணியின் நிறம் அப்படியே நிற்காது, அதைக் கணக்கில் வையுங்கள். அம்பர் ஷெல்லாக் ஒவ்வொரு கோட்டுக்கும் கறுப்பேற்றும். வெள்ளைத் துணி தேன் நிறமாகும், மஞ்சள் துணி மிட்டாய்ப் பழுப்பாகும், நீலம் பச்சைப் பக்கம் சாயும். ஒரு முழ டேப்பைப் பழைய குழாயில் சுற்றி, ஒரு கோட், இரண்டு, நான்கு, ஆறு என்று பகுதி பகுதியாகப் பூசி உலர்ந்த பிறகு சீட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீட்டோடு அச்சாக ஒத்துப்போக வேண்டியதில்லை. சீட் வெயிலிலும் வியர்வையிலும் கறுத்துக்கொண்டேதான் போகும், டேப் அதைவிட ஒரு படி வெளிர் என்றால் பல வருடத்துக்கு நன்றாக இருக்கும்.

மெதுமிதி

மஞ்சள், வெள்ளை இரண்டிலும் செய்து பார்த்தேன். மஞ்சளில் நான்கு கோட் பச்சைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சத்தமாக இருந்தது. வெள்ளையில் ஐந்து கோட், டயரின் பக்கவாட்டைவிட ஒரு படி அடர்த்தி, சீட்டைவிட இரண்டு படி வெளிர். அதையே சுற்றிவிட்டேன், முனையைப் பச்சை நூலால் கட்டினேன்.

நேற்று மாலை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் டாப் டியூபில் அந்தப் பட்டையைத்தான் விரலால் தடவினார். அந்த இடத்தில் என்ன ஆனது என்று கேட்டேன். சுவரில் சாய்த்து வைத்திருந்தபோது சரிந்து ஒரு இரும்புக் கம்பியில் உரசிக்கொண்டே விழுந்ததாம், கையில் அப்போது இருந்தது அந்தச் சிவப்பு டப்பா மட்டும்தானாம். அப்புறம் சீட்டை இரண்டு விரல் இறக்கச் சொன்னார், இறக்கினேன், தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார். பின் பிரேக் லேசாகக் கீச்சிடுகிறது என்றார், கட்டையின் முன்னோரம் முதலில் ரிம்மில் படுகிற மாதிரி இன்று காலை சாய்த்து வைத்திருக்கிறேன், சத்தம் நின்றுவிட்டது.